நாற்பத்து மூன்று படங்களும் ஒரு சட்டைப் பையும்

என் மேசைமேல் இருக்கும் கணினித் திரையில் ஒரு கீறல் இருக்கிறது. இடது மேல் மூலையிலிருந்து நான்கு விரல் தள்ளித் தொடங்கிச் சாய்வாக இறங்கி, நடுவுக்குச் சற்று முன்னால் நின்றுவிடும். வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் ஒரு முடி விழுந்து கிடப்பதுபோலத் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதை விரலால் தட்டிவிடப் பார்ப்பார்கள். அது போகாது. ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலின் மூலையால் ஒருவர் போட்ட கோடு அது. அவரை நான் சார் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் சார் என்றே எழுதுகிறேன். மரியாதையால் அல்ல, வேறு எந்தப் பெயரிலும் அவரை நினைத்துப் பழக்கமில்லை. சார் உயிரோடு, நல்ல உடம்போடு இருக்கிறார். ஆகவே அவரைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுவதில் எனக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை. இப்படி எழுதுகிறவர்கள் கடைசிப் பத்தியில் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவதைப் படித்திருக்கிறேன். நான் அதற்காக உட்காரவில்லை.

அப்போது நான் திருத்தணியில், மலைக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு டி.டி.பி. கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியவர்கள் வாசலைக் கடந்துகொண்டே இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் தெலுங்கில் வழி கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கிருத்திகை அன்னதான நோட்டீஸ் இவைதான் கடையின் வேலை. கடைக்காரரை அண்ணன் என்று கூப்பிடுவேன். நல்லவர், ஆனால் பயந்தவர். பொதட்டூர்பேட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புவேன். எங்கள் வீட்டில் இரண்டு விசைத்தறிகள், லுங்கி ஓடும். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. நைனாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, அம்மாவுக்குப் பஸ் போர்டு படிக்கத் தெரியாது. நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து, அதற்குமேல் ஆறு மாதம் பக்க வடிவமைப்பும் தனியாகப் படித்தேன். இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன். பெருமைப்படக் கூடாது என்று எனக்குச் சொல்லக்கூடிய ஆள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

சார் ஒரு பாலிடெக்னிக்கில் நெசவுத் தொழில்நுட்பத் துறைக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். விசைத்தறியைப் பராமரிப்பதும் பழுது பார்ப்பதும் பற்றித் தமிழில் ஒரு பெரிய புத்தகம் எழுதியிருந்தார். அறுநூறு பக்கத்துக்கு மேல். அதை வடிவமைத்து அச்சுக்குத் தயாராக்கும் வேலை எங்கள் கடைக்கு வந்தபோது அண்ணன் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். மூன்று பேர் மூன்று விதமான பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அட்டவணைகளை எல்லாம் இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒரு எழுத்து நகர்ந்தால் எண்கள் எல்லாம் சரிந்துவிடும். படங்கள் சாரின் பழைய மாணவர் யாரோ மையில் வரைந்தவை. அழகான படங்கள். ஆனால் ஸ்கேன் செய்தபோது பாகங்களின் எண்கள் மங்கிவிட்டன. நான் அவற்றை வெள்ளையடித்து அழித்து, புதிதாக எண்களை மேலே பொருத்தினேன். முதல் வாரம் வணக்கம் சொல்லிவிட்டு, எந்த எழுத்துரு நன்றாக இருக்கும் என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "யோசிக்கிறது என் வேலை. அடிக்கிறது இந்தப் பொண்ணு வேலை. கலந்துக்க வேணாம்."

தினமும் பத்து மணிக்கு வந்து என் முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று பச்சை மை. கையில் அந்த ஸ்டீல் ஸ்கேல். ஓரம் எவ்வளவு விட்டிருக்கிறேன் என்று ஸ்கேலைத் திரையின்மேலேயே வைத்து அளப்பார். திரையில் பக்கம் சிறியதாகவோ பெரியதாகவோ தெரியும், தாளில் எடுத்தால்தான் சரியான அளவு என்று ஒரு முறை சொன்னேன். "எனக்கே அளக்கக் கத்துக் கொடுக்கறியா" என்றார். அதன்பின் அவர் வரும்போதெல்லாம் பக்கத்தை உண்மையான அளவுக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவேன். ஸ்கேல் சரியாகக் காட்டும். "பாத்தியா" என்பார். பகல் சாப்பாட்டுக்கு நான் டப்பாவைத் திறந்தால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார். அதை அவர் மறைத்துச் செய்யவில்லை, நானும் கவனிக்காததுபோல நடிக்கவில்லை.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளமான புத்தகத்தை வடிவமைக்கிறவர் பக்கம் பக்கமாக வேலை செய்யக் கூடாது. தலைப்புக்கு ஒரு பாணி, துணைத் தலைப்புக்கு ஒரு பாணி, படக் குறிப்புக்கு ஒரு பாணி என்று முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தின் பெட்டியில் நிரம்பிய எழுத்து அடுத்த பக்கத்தின் பெட்டிக்குத் தானாக வழியும்படி கோத்துவிட வேண்டும். 'படம் 7.12ஐப் பார்க்க' என்று ஓரிடத்தில் இருந்தால், அந்த எண்ணை அடிக்கக் கூடாது. அந்தப் படத்தோடு இணைத்துவிட வேண்டும். படம் எங்கே நகர்ந்தாலும் எண் தானே மாறிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டைச் செய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் சாருக்கு நான் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதாகவே பட்டது. நான்காம் மாதத்தில் ஒரு நாள் மூன்றாம் அத்தியாயத்தில் சேர்ப்பதற்கு ஒன்பது பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். சேர்த்தேன். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் நகர்ந்து, படங்கள் நகர்ந்து, எண்கள் மாறி, பின்னாலிருந்த சொல்லடைவு வரைக்கும் பக்க எண்கள் தாமே திருந்தின. சார் நம்பவில்லை. தாளில் எடுத்துக் கொடுக்கச் சொல்லி மூன்று நாள் விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். ஒரு தவறும் அகப்படவில்லை. நான்காம் நாள் வந்து, "ஏதோ லக்கு" என்றார்.

லக்கு என்ற அந்தச் சொல் எனக்குள் என்ன செய்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்தப் புத்தகத்தில் காட்டிவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. நான் படித்த வகுப்பில் ஒரு விதி சொல்லியிருந்தார்கள்: படத்தில் இருக்கும் முகம் பக்கத்துக்கு வெளியே பார்க்கக் கூடாது, புத்தகத்தின் முதுகைப் பார்க்க வேண்டும். வாசகரின் கண் வெளியே ஓடாமல் உள்ளே நிற்கும் என்பது காரணம். தறிப் படங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்த்து, வலப்புறம் பார்ப்பதுபோல வரையப்பட்டிருந்தன. இடது கைப் பக்கத்தில் விழுந்தவை உள்ளே பார்த்தன. வலது கைப் பக்கத்தில் விழுந்தவை வெளியே பார்த்தன. அப்படி வெளியே பார்த்தவை நாற்பத்து மூன்று. மென்பொருளில் ஒரே கட்டளை. படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திரும்பிவிடும். எண்களை நான் தனியாகப் பொருத்தியிருந்ததால் எழுத்து எதுவும் இடவலமாகத் திரும்பவில்லை. நாற்பத்து மூன்றையும் திருப்பினேன். பின்னட்டையில் வைக்க சார் கொடுத்திருந்த அவருடைய போட்டோவும் வெளியே பார்த்தது. அதையும் திருப்பினேன். விரித்து வைத்தால் ஒவ்வொரு இரட்டைப் பக்கமும் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. அவ்வளவு நன்றாக நான் அதற்குமுன் எதையும் செய்ததில்லை என்று நினைத்தேன்.

சார் புரூஃபை வாங்கிக்கொண்டு போய் இருபது நாள் வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அட்டைக்கும் போட்டிருந்தார். படங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஒன்று கேட்டேன், நூல் விவரப் பக்கத்தில் 'பக்க வடிவமைப்பு' என்று போட்டு என் பெயரைச் சேர்க்கலாமா என்று. அன்று அவர் நல்ல மனநிலையில் இருந்தார் போலிருக்கிறது. "சின்னதாப் போட்டுக்கோ" என்றார். சின்னதாகவே போட்டேன். எங்கள் குடும்பத்துப் பெயர் அச்சில் வருவது அதுதான் முதல் தடவை. வாக்காளர் பட்டியலை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிக் கூட்டத்தில் பஸ்ஸை ஊருக்குள் விட மாட்டார்கள். கடை மூன்று நாள் பூட்டு. சொல்லடைவைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று புரூஃபின் நகலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அதை மட்டும் பார்ப்பதற்காக எடுத்துக்கொண்டு போனேன் என்றால் பொய். என் பெயர் இருக்கும் பக்கத்தை நைனாவுக்குக் காட்ட வேண்டும். பகலில் கரண்ட் போய்த் தறி நின்றது. நைனா நூல் தூசி படிந்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெயரைக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்து, "இம்மாந்தூண்டா?" என்றார். பிறகு மற்றப் பக்கங்களைப் புரட்டினார். எழுத்து தெரியாதவர் ஆகையால் அவருக்கு அந்தப் புத்தகத்தில் இருந்தது படம் மட்டும்தான். ஒன்பதாம் அத்தியாயத்தில் கை நின்றது.

"இன்னாம்மா இது. இங்க வலது கை தறியா இருக்குது, எதுத்தாப்புல எடது கையா மாறிக்கிச்சு?"

எங்கள் வீட்டிலேயே ஒன்று வலது, ஒன்று இடது. நடுவில் ஒருவர் நின்றால் இரண்டின் கைப்பிடியும் கைக்கு எட்டும்படி எல்லா வீட்டிலும் அப்படித்தான் போடுவார்கள். அதைத்தான் சொன்னேன். ரெண்டு மாதிரியும் இருக்குதில்ல நைனா, அதனால பரவாயில்லை என்றேன்.

"ஆங், தறி இருக்குது. எடது கை மரை எங்க இருக்குது? எந்தத் தறியா இருந்தாலும் நட்டு ஒரே பக்கந்தான் இறுகும். இதுல பாரு, அம்புக்குறி எதுக்கால சுத்திகினு கீது. இத்தப் பாத்து எவனாச்சும் இறுக்கறேன்னு கயட்டி வுட்டான்னு வெச்சிக்கோ, நாடா பறந்து மூஞ்சில அடிக்கும்."

நாடா பறப்பது என்றால் என்ன என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாவு நூலுக்கு நடுவே இங்குமங்கும் ஓடும் அந்தக் கட்டைக்கு இரண்டு முனையிலும் இரும்புக் கூர் உண்டு. தன் வழியை விட்டு வெளியே வந்தால் அது யார்மேல் விழும் என்று சொல்ல முடியாது. நான்கு வீடு தள்ளி ஒருவர் ஒற்றைக் கண்ணோடு இருக்கிறார். யார் வரைந்தது என்று நைனா கேட்டார். வரைந்தவர் சரியாகத்தான் வரைந்திருந்தார், திருப்பியது நான் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தறிக்குப் பக்கத்துலயே பொறந்து வளந்துட்டு, நீயா?" என்றார். கேலிதான். ஆனால் அதைவிட உறைக்கும்படி என்னிடம் இதுவரை யாரும் பேசியதில்லை. நான் தறிக்குப் பக்கத்தில் பிறந்தவள்தான். ஆனால் தறிக்கு முதுகைக் காட்டி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் படித்தேன். எந்தப் பக்கம் கைப்பிடி, எந்தப் பக்கம் நட்டு இறுகும் என்று பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே படித்தேன் என்றுகூடச் சொல்லலாம். சார் தறியைப் பற்றி அறுநூறு பக்கம் எழுதியும் அதைப் பார்க்கவில்லை. நான் இருபத்து மூன்று வருடம் அதன் சத்தத்திலேயே தூங்கியும் பார்க்கவில்லை. அவர்மேல் எனக்குள்ள வெறுப்பில் ஒரு பங்கு இதனால் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பங்குதான். மீதி முழுவதும் அவரே சம்பாதித்தது.

கரண்ட் வந்தது. நைனா எழுந்து போகும்போது, "நீதான திருப்பின, நீயே திருப்பிப் போட்டுடு. எழுதினவரு பெரிய படிப்புப் படிச்சவரு, சொன்னா புரிஞ்சிக்குவாரு" என்றார்.

கடை திறந்த அன்று சார் வந்ததும் நான் எழுந்து நின்று சொன்னேன். நாற்பத்து மூன்று படங்களைத் தவறாகத் திருப்பிவிட்டேன், தப்பு என்னுடையது, அரை நாளில் சரி செய்துவிடுவேன், பக்கம் எதுவும் நகராது. இதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்; பஸ்ஸில் வரும்போது நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தின் படத்தைத் திறந்து, நட்டையும் அம்புக்குறியையும் காட்டினேன். சார் வெகு நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர் காதோரம் சிவந்தது. அறுநூறு பக்கத்திலும் பச்சை மை இருந்தது. அந்தப் படத்துக்கு அடியிலும் இருந்தது.

"உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

"எங்க நைனா, சார்."

"அவர் என்ன படிச்சிருக்கார்?"

அது அவருக்கு முதல் வாரத்திலிருந்தே தெரியும். அண்ணன் மேசைக்குப் பின்னாலிருந்து, "சார், பொண்ணு தெரியாம" என்று ஆரம்பித்தார். சார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். இடது கைத் தறி என்று ஒன்று இருக்கிறது, தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்றார். மரையைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவர் ஸ்கேலை நீட்டித் திரையில் இருந்த படத்தின்மேல் அதன் மூலையை வைத்து அழுத்தி, படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்தார்.

"நான் கையெழுத்துப் போட்ட பக்கத்துல ஒரு புள்ளி மாறக் கூடாது. என் புத்தகத்தை ஒரு தறிக்காரன் திருத்தறதா?"

கீறல் விழுந்தது. அவர் புரூஃபில் நூல் விவரப் பக்கத்தை எடுக்கச் சொல்லி, என் பெயரைப் பச்சை மையால் அடித்தார். ஒரு தடவை அடித்தால் போதும். மூன்று கோடு போட்டார். கோப்பிலிருந்தும் எடுக்க வைத்தார். பிறகு முன்னுரையைத் திறக்கச் சொன்னார். அதன் முடிவில் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும் என்று அதை வார்த்தை வார்த்தையாகச் சொல்லி, நான் அடித்து முடிக்கும் வரைக்கும் பின்னால் நின்றார். 'இந்நூலில் பிழைகள் ஏதேனும் காணப்படின் அவை கணினி அச்சுக்கோப்பில் நேர்ந்தவையே.' கடைசி ஏகாரம் அவர் சொன்னதுதான். நான் அடித்துவிட்டு, ஏகாரம் இருக்கிறதா என்று படித்தும் காட்டினேன். "இப்பதான் ஒழுங்கா வேலை செய்யறே" என்றார். மறுநாள் அச்சகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நாற்காலி காலியான பிறகு அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "அவரு புக்கு, அவரு பேரு. நாம இன்னா பண்ண முடியும்? கொடுத்ததப் போட்டுக் கொடுத்துட்டுப் போய்கினே இருக்கணும்மா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கடை போய்விட்டால் அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகம் எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பாலிடெக்னிக்குகளுக்குப் போகும், அங்கே படித்துவிட்டுத் தறி பழுது பார்க்க எங்கள் தெருவுக்கு வருகிற பையன்களின் கைக்குப் போகும். அவர்களில் ஒருவன் படம் காட்டிய பக்கம் நட்டைத் திருப்புவான், தறிக்கு முன்னால் நைனா நிற்பார். முன்னுரையில் அந்த வாக்கியம் இருக்கும். யாராவது கேட்டால், கணினியில் நேர்ந்தது. அதில் கொடுமை என்னவென்றால் அது உண்மையாகவும் இருக்கும்.

மறுநாள் சார் வரவில்லை. வேலை முடிந்துவிட்டது, அவருக்கு இனி எங்களிடம் என்ன இருக்கிறது. காலையில் கோப்பைத் திறந்து முதல் படத்தைத் திருப்பினேன். எண்களை மறுபடி பொருத்தினேன். இரண்டாவது. மூன்றாவது. அண்ணன் ஒரு கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தவர், திரையைப் பார்த்தார், அப்படியே நின்றார். பிறகு, "நான் டீ குடிச்சிட்டு வரேன். நான் ஒண்ணியும் பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் டீ குடிக்க மத்தியானம் வரைக்கும் ஆனது. ஒவ்வொரு படத்தையும் மூலப் படத்தோடு ஒப்பிட்டேன். எந்த நட்டு, எந்தப் பக்கம் அம்பு என்று தாளில் எழுதிக்கொண்டேன். அன்றைக்குத்தான் நான் ஒரு விசைத்தறியை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். நாற்பத்து மூன்றும் முடிந்தன. பக்கங்கள் இனி எதிரெதிரே உட்கார்ந்து பேசவில்லை. எல்லாத் தறியும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. வடிவமைப்பு என்று பார்த்தால் அழகு குறைந்துதான் போயிற்று.

என் பெயரையும் திரும்ப வைத்திருக்கலாம். கோப்பு என் கையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் புத்தகம் வந்ததும் சார் முதலில் திறக்கப் போகும் பக்கம் அதுதான். அங்கே என் பெயரைக் கண்டால் அடுத்தடுத்து எல்லாவற்றையும் பச்சை மையோடு ஒப்பிட ஆரம்பிப்பார். கண்டுபிடித்தால் பிரதிகளைத் திருப்பி அனுப்பி, படங்களையும் பழையபடி திருப்பச் சொல்லும் ஆள் அவர். பெயரா, படமா என்பதுதான் கேள்வி. பெயரை விட்டேன். தியாகம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டுதான் விட்டேன், இன்றைக்கும் அந்த இடம் வலிக்கிறது.

கடைசியாகப் பின்னட்டை. சாரின் போட்டோ. நாற்பத்து நாலாவது. உள்ளே பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். சட்டைப் பையும் அதில் செருகிய இரண்டு பேனாவும் வலது மார்பில் இருந்தன. கைக்கடிகாரம் வலது கையில். வகிடு எதிர்ப் பக்கம். அடியில் அவர் பச்சை மையில் போட்ட கையெழுத்து என் மேசைமேல் தாளாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட பக்கத்தில் ஒரு புள்ளி மாறக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். இதில் யாருடைய கண்ணுக்கும் ஆபத்தில்லை. ஆகவே அந்த ஒரு பக்கத்தில் மட்டும் நான் அவர் சொன்னபடி நடந்தேன்.

வெளியீட்டு விழா அரக்கோணம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எனக்கு அழைப்பில்லை, அண்ணனுக்கு இருந்தது, நான் கூடப் போனேன். அந்த அழைப்பை அடித்தவளே நான்தானே. மேடையில் சார் மாலையோடு நின்று புத்தகத்தை விரித்துப் பிடித்தார். நல்ல வேளையாகவோ வேண்டுமென்றோ, படம் இருக்கும் பக்கமாக விரித்தார். "ஒவ்வொரு பக்கத்தையும் நானே பார்த்துக் கையெழுத்திட்டேன். ஒரு புள்ளி மாறாமல் வந்திருக்கிறது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பழைய மாணவர்கள் வரிசையில் நின்று அவர் காலைத் தொட்டார்கள். நானும் கை தட்டினேன், கொஞ்சம் அதிகமாகவே. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு பிரதியை வாங்கி வந்து நைனாவிடம் கொடுத்தேன். அவர் ஒன்பதாம் அத்தியாயத்தைத் தேடி எடுத்து, விரலால் நட்டைச் சுற்றிப் பார்த்து, ஆங் என்றார். என் பெயர் எங்கே என்று கேட்கவில்லை. அந்தப் பக்கம் எது என்று அவருக்குத் தெரியும், பார்த்துவிட்டுத் திருப்பிவிட்டார். மூடி வைக்கும்போது பின்னட்டை மேலே வந்தது. "இந்த அய்யாவுக்கு ஏம்மா சோத்துக்கைப் பக்கம் பாக்கெட் தெச்சிகீறாங்க?" என்றார். நான் அவ்வளவு சிரித்து அம்மா பார்த்ததில்லை, உள்ளேயிருந்து வந்து என்ன என்று கேட்டாள்.

இதெல்லாம் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. அண்ணன் கடைக்குப் புதுத் திரை வாங்கியபோது பழையதை எறியப் போனார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது வீட்டிலேயே தனியாகப் பாடநூல், கையேடு என்று வேலை எடுத்துச் செய்கிறேன். சுவரைப் பார்த்து உட்காருவதில்லை. தலையை நிமிர்த்தினால் இரண்டு தறியும் தெரிகிற இடத்தில் மேசையைப் போட்டிருக்கிறேன். நான் வடிவமைக்கிற எல்லாப் பக்கங்களின்மேலும் அந்தக் கீறல் விழுகிறது. அதன் மேலேயே பார்த்துப் பழகிவிட்டேன். எந்தப் படத்தையும் திருப்புவதற்கு முன்னால் கை ஒரு நிமிடம் நிற்கும்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். பிரதிகள் தீர்ந்துவிட்டனவாம், சார் இரண்டாம் பதிப்புப் போடப் போகிறாராம். கோப்பு அந்த டைப்பிஸ்ட் பொண்ணிடம்தானே இருக்கிறது, வாங்கிக் கொடு என்றாராம். என் பெயர் அவருக்கு நினைவில்லை. மூன்று கோடு போட்டு அடித்தவருக்கு நினைவிருக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. முதல் பதிப்பில் இருந்தபடியே இருக்க வேண்டும், ஒரு புள்ளி மாறக் கூடாது என்று மறுபடியும் சொல்லி அனுப்பியிருக்கிறார். "இன்னாம்மா சொல்லட்டும்?" என்று அண்ணன் கேட்டார். அப்படியே அனுப்புகிறேன் என்று சொன்னேன்.

இன்று காலை கோப்பைத் திறந்தேன். தறிகள் ஒவ்வொன்றாக வந்தன, எல்லா நட்டும் இறுக வேண்டிய பக்கம் இறுகின. முன்னுரையின் கடைசி வாக்கியம் ஏகாரத்தோடு இருந்தது. பின்னட்டை வந்தது. சார் உள்ளே பார்த்துச் சிரித்தார். திரையின் கீறல் அவர் தோளில் தொடங்கிச் சாய்வாக இறங்கி, வலது மார்பில் இருந்த சட்டைப் பையின்மேல் வந்து நின்றது. ஒரு புள்ளியும் மாற்றவில்லை. அனுப்பிவிட்டேன்.